நாற்பது முறைப்பாடுகள்

ஹஸன் மசாலாக் கம்பனியில் பத்தொன்பது வருஷமாக ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை. அந்தப் பெருமை முழுக்க மெனேஜர் ஷரிபுதீனுக்குத்தான் சேரும். முறைப்பாட்டுப் பெட்டியை எங்கே மாட்டுவது என்று தீர்மானித்தவர் அவர்தான். முதலாளியின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே மாட்டினார். பெட்டியில் கடுதாசி போடுகிறவர் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போடவேண்டும். ஒருவரும் போடவில்லை. சில வருஷத்தில் சாவியும் தொலைந்துபோனது, அதை யாரும் தேடவுமில்லை.

தொழிற்சாலை காரைதீவைத் தாண்டி மாவடிப்பள்ளிப் பக்கமாக, வயலோரத்தில் இருந்தது. மிளகாய்த்தூள், மல்லித்தூள், கறித்தூள், அரிசி மா எல்லாம் அங்கே அரைத்துப் பைக்கட்டாகும். வேலை செய்கிறவர்கள் அறுபத்திரண்டு பேர், முக்கால்வாசிப் பேர் பெண்கள். எந்த நேரத்தில் போனாலும் எங்கோ ஒருவர் தும்மிக்கொண்டிருப்பார்.

ஷரிபுதீனிடம் ஒரு திறமை இருந்தது. முறைப்பாடு முறைப்பாடாக ஆவதற்கு முன்னமே அதைக் கரைத்துவிடுவார். ஒரு பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தால், முதலில் இருக்கச் சொல்லுவார். உம்மாவுக்குக் கால்நோவு எப்படி, மகன் எத்தனையாம் வகுப்பு என்று விசாரிப்பார். கடைசியில், "பார்ப்பம் புள்ள, இன்ஷா அல்லாஹ்" என்பார். வந்தவளுக்கு மனசு ஆறிவிடும். வந்த காரியம் அப்படியே கிடக்கும். பெரிய முதலாளி அபுல் ஹஸன் ஹாஜியாருக்கு இந்தக் குணம் மெத்தப் பிடித்திருந்தது.

ஹாஜியார் வீட்டோடு ஓய்ந்தபிறகு மகன் மிஹ்லார் வந்தார். மலேசியாவில் வணிக நிர்வாகம் படித்தவர். சின்ன வயதில் ஷரிபுதீனின் சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைதான். ஆனால் வந்த முதல் கிழமையே, எல்லோரும் தன்னை எம்.டி. என்றுதான் கூப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டார். "மிஹ்லார் தம்பி" ஒரே நாளில் "எம்.டி. சேர்" ஆனார். அவர் மட்டும் பழக்கத்தில் ஷரிபுதீனை, அண்ணன் முறையில், காக்கா என்றே கூப்பிட்டார்.

மிஹ்லாருக்கு விருதுகளில் ஆசை. கண்ணாடி அறையின் ஒரு பக்கச் சுவரில் ஏற்கெனவே நாலு கேடயம் தொங்கின. ஐந்தாவதுக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடத்துக்கென்றே கொழும்பில் ஒரு வர்த்தகச் சங்கம் 'நெறிமுறைத் தலைமைத்துவ விருது' என்று அறிவித்தது. போன வருஷம் அதை வாங்கியவர் அக்கரைப்பற்றில் பாண் போடுகிற ஒருவர். அந்தச் செய்தியைப் பார்த்த நாளிலிருந்து மிஹ்லாருக்கு அந்தப் பேக்கரிப் பாண் தொண்டையில் இறங்கவில்லை.

விண்ணப்பத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். பதினேழாவது கேள்வி இதுதான்: கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஊழியர்களிடமிருந்து கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றுக்கு என்ன செய்யப்பட்டது? ஷரிபுதீன் நெஞ்சை நிமிர்த்தி, கொட்டை எழுத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்பினார்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு பெண் பிள்ளை போனில் கதைத்தாள். பெயர் கிருசிகா, விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற அதிகாரி.

"சேர், பதினேழாவது கேள்விக்கு உங்களுக்குப் பூச்சியம் புள்ளி."

"ஏன் மிஸ்? எங்கட கம்பனியில ஒரு குறையும் இல்ல."

"அறுபத்திரண்டு பேர் வேலை செய்யிற இடத்தில ஒரு முறைப்பாடும் இல்லையெண்டா, அங்க ஆக்கள் பயந்து போயிருக்கினம் எண்டுதான் நாங்க எடுப்பம். விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்ப இன்னும் மூண்டு கிழமை இருக்கு."

ஷரிபுதீன் போய் இதைச் சொன்னதும் மிஹ்லார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"என்ன காக்கா இது? பத்தொன்பது வருஷமா இங்க இரிக்கிங்க. ஒரு முறைப்பாடு எடுக்க ஏலாமப் போயிட்டா உங்களுக்கு?"

இத்தனை வருஷமும் எதற்காக மெச்சினார்களோ, அதற்காகவே ஏச்சு விழுந்தது.

"நாப்பது வேணும். ஆளுக்கு ஆள் வித்தியாசமா இரிக்கணும்," என்றார் மிஹ்லார்.

மறுநாள் மிளகாய் காயப்போடுகிற தகரக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி, "உங்கட குறைகள தாராளமா எழுதிக் குடுங்க. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது," என்றார் ஷரிபுதீன். 'ஒன்றும் நடக்காது' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் முன்வரிசை ஓரடி பின்னுக்குப் போனது. பின்வரிசையில் யாரோ தும்மினார்கள். கடைசியில் பைக்கட் கட்டுகிற பகுதி ஹாஜறாதான் வாயைத் திறந்தாள். நிந்தவூர்க்காரி, நாற்பதைத் தாண்டியவள். கம்பனி தொடங்கின வருஷம் வேலைக்கு வந்தவள்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லியே சேர். ஆரு என்ன சொன்ன?"

அன்று பின்னேரம் மூன்று பெண்கள் தனித்தனியாக அவருடைய அறைக்கு வந்து, தாங்கள் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு கிழமை போனது. ஒன்றுகூட வரவில்லை. ஷரிபுதீன் அறிவித்தல் பலகையில் ஒரு கடுதாசி ஒட்டினார். 'எதிர்வரும் வியாழக்கிழமைக்கு முன்னர் முறைப்பாடு சமர்ப்பிக்கத் தவறும் ஊழியர்கள், அதற்கான காரணத்தை எழுத்தில் விளக்கவேண்டும்.' எழுதும்போதே அவருக்கு எதுவோ சரியில்லை போலத்தான் இருந்தது. என்றாலும் ஒட்டினார். மறுநாளே ஐம்பத்துநாலு முறைப்பாடு வந்து குவிந்தது. ஐம்பத்துநாலிலும் ஒரே வசனம்: 'குடிக்கிற தண்ணீர் சூடாக இருக்கிறது.' அதில் ஏழு, ஒரே ஆளின் கையெழுத்து.

"ஐம்பத்துநாலு பேருக்கும் ஒரே தண்ணியா?" என்று மிஹ்லார் கட்டைத் திருப்பித் தள்ளினார். "கொழும்பில சிரிப்பாங்க காக்கா."

ஷரிபுதீன் திரும்பவும் எல்லோரையும் கூட்டினார். இந்த முறை பிரித்துக் கொடுத்தார். பைக்கட் பகுதி சுகாதாரத்தைப் பற்றி எழுதவேண்டும், மெஷின் பகுதி பாதுகாப்பைப் பற்றி, லொறிக்காரர் மேலதிகாரிகளின் நடத்தையைப் பற்றி. ஹாஜறா கையைத் தூக்கினாள்.

"சேர், உண்மையா எழுதுறதா, பொய்யா எழுதுறதா?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஷரிபுதீனும் சிரித்தார்.

"உண்மையாவே எழுதுங்க புள்ள. கொஞ்சம் சின்ன உண்மையா."

எப்படியோ அடைப்புத் திறந்துவிட்டது. புதன்கிழமை பின்னேரம் மேசையில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். 'கழிவறைக் கதவுக்குக் கொக்கி இல்லை. ஒராள் உள்ளே போனால் இன்னொராள் வெளியே நின்று கதவைப் பிடிக்கவேண்டும்.' 'பகலில் லுஹர் தொழ இடமில்லை. மல்லி மூட்டைகளுக்கு நடுவே நெற்றியை வைத்து ஸுஜூது செய்கிறோம்.' 'முகக்கவசம் மாதத்துக்கு ஒன்றுதான். இரண்டாம் நாளே அதை அரைத்தால் ஒரு கறி ஆக்கலாம்.' காரைதீவிலிருந்து வருகிற மெஷின்காரன் சுஜிந்தன் இப்படி எழுதியிருந்தான்: 'மெனேஜர் பார்ப்பம் என்று சொல்வதன் பொருளைத் தயவுசெய்து விளங்கப்படுத்தவும்.'

ஷரிபுதீனுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தனியே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. கொக்கி விஷயம் அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷத்துக்கு முன் ஒரு பிள்ளை வந்து சொன்னது. பார்ப்பம் என்றுதான் சொன்னார். இப்போது, வியாழன் காலையில் ஒரு கொக்கியும் இரண்டு ஆணியும் வாங்கிவந்து தானே அடித்தார். நாலு நிமிஷ வேலை. அடித்து முடித்துவிட்டுச் சுத்தியலோடு அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போக வந்த பிள்ளைகள் அவரைக் கண்டு திரும்பிப் போனார்கள்.

முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. நாற்பதாவது, நாலாக மடித்த ஒரு கொப்பித்தாள். பெயரில்லை. ஆனால் 'ழ'வின் வாலை அப்படி நீட்டி இழுக்கிறது யார் என்று ஷரிபுதீனுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக லீவுக் கடிதத்தில் பார்த்துவருகிற கையெழுத்து.

'மூன்றாம் மெஷினில் அரைக்கிற மலிவு மிளகாய்த்தூளுக்குக் காம்பும் விதையும் அரிசி மாவும் போட்டு, வெளிறாமல் இருக்கச் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். விடியக் காலையில் நாங்கள் வருவதற்கு முன்னமே கலந்து முடிந்துவிடும். மெஷினைத் துடைக்கிற எங்களுடைய கை பின்னேரம் வரைக்கும் சிவப்பு. மாதாமாதம் எங்களுக்குச் சும்மா தருகிற பைக்கட்டை எங்களில் ஒருவரும் கறிக்குப் போடுவதில்லை. சின்ன உண்மை எழுதச் சொன்னீர்கள். இதைவிடச் சின்னதாக எழுத எனக்குத் தெரியவில்லை.'

ஷரிபுதீன் அதை மறுபடி நாலாக மடித்துச் சேட்டுப்பைக்குள் வைத்தார். சாயம் கலக்கிறவன் மேற்பார்வையாளர் பர்ஸான், மிஹ்லாரின் மனைவியின் தம்பி. சாய டிரம் கொழும்பிலிருந்து லொறியில் வரும்போது 'பெட்டி அச்சு மை' என்று எழுதிக் கையெழுத்து வைத்து எடுக்கிறவர் ஷரிபுதீன். பெட்டிக்கு மை எதற்கு, அது அச்சடித்துத்தானே வருகிறது என்று அவர் தன்னையே ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தவர், கறியில் கைவைத்துவிட்டு மனைவி நஸீறாவைக் கேட்டார்.

"நம்மட கம்பனித்தூள் போட்டா ஆக்கின?"

"அதையா? இல்லியே. மிளகாய்த்தூள் எல்லாம் நான் மில்லுல குடுத்து அரைக்கிறதுதான். எத்தின வருஷமா."

"ஏன்?"

"ஒருக்காப் போட்டன். கை ரெண்டு நாளாச் செவந்து கிடந்திச்சு. பொறகு அத எப்படிச் சாப்பாட்டுல போடுற?"

"அப்ப மாசாமாசம் கொண்டு வாறத என்ன செய்யிற?"

நஸீறா சோற்றை அவர் பீங்கானில் போட்டபடியே சாதாரணமாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையில வாசலுக்குக் கையேந்தி வாற மிஸ்கீன்களுக்குக் குடுக்கிற. வீசவா ஏலும்? அல்லாஹ் தந்த நிஃமத்துத்தானே."

ஷரிபுதீன் நிமிர்ந்து பார்த்தார். நஸீறாவும் பார்த்தாள். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. அன்றைக்கு அவர் மறுசோறு கேட்கவில்லை.

சனிக்கிழமை கந்தோர் மேசையில் கொழும்புக்கு அனுப்புகிற கோவையைக் கட்டும்போது, சேட்டுப்பையில் இருந்ததை எடுத்தார். வீரத்தில் எடுத்தார் என்று சொல்ல முடியாது. அதை முதலாவதாக வைக்கவும் துணியவில்லை, கடைசியில் வைக்கவும் துணியவில்லை. இருபத்து மூன்றாவதாக, தேத்தண்ணிக் குறைக்கும் மின்விசிறிக் குறைக்கும் நடுவில் செருகினார். கொழும்புக்காரர் கடிதத்தை எண்ணுவார்கள், வாசிக்கமாட்டார்கள். வாசித்தால் அது அல்லாஹ்வின் நாட்டம். இப்படி ஒரு பாதுகாப்பான இடத்தில் பொறுப்பை வைத்துவிட்டு, நாற்பது முறைப்பாட்டுக்கும் எதிரே 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற இடத்தில் ஒரே வசனத்தை எழுதினார்: 'கவனத்தில் எடுக்கப்பட்டு உடனடியாக நிவர்த்தி செய்யப்பட்டது.'

கிருசிகா பத்து நாள் கழித்து நேரில் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மிஹ்லார் வாசலில் நின்று ஆங்கிலத்தில் வரவேற்றார்.

"தமிழிலயே கதைப்பம் சேர். எனக்குச் சொந்த ஊர் காரைதீவுதான்," என்றாள்.

மிஹ்லாரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. பகல் சாப்பாட்டுக்கு இறால் பொரித்து வைத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கோவையை விரித்து வைத்து, முதலாவதிலிருந்து ஒன்றும் விடாமல் வாசித்தாள். 'பார்ப்பம்' வந்த இடத்தில் மெல்லச் சிரித்து, ஷரிபுதீனை ஒருதரம் பார்த்தாள். இருபத்து மூன்றில் நின்றுவிட்டாள். இரண்டு தரம் வாசித்து, தாளை மிஹ்லாரின் பக்கம் திருப்பினாள்.

மிஹ்லார் வாசித்தார். முகம் அந்தத் தூள் மாதிரியே சிவந்துபோனது.

"இது... இதுக்கு ஆதாரம் ஒண்டும் இல்ல மிஸ்."

"ஆனா எதிர்ப்பக்கத்தில 'உடனடியாக நிவர்த்தி செய்யப்பட்டது' எண்டு போட்டிருக்கே சேர். இல்லாத ஒண்ட எப்படி நிவர்த்தி செய்யிற? அப்ப முன்னம் கலந்திருக்கு, இப்ப நிப்பாட்டியிருக்கு. அப்படித்தானே?"

மிஹ்லார் எந்தப் பக்கம் ஓடினாலும் சுவராக இருந்தது. கலக்கவில்லை என்றால் கோவை பொய். நிற்பாட்டவில்லை என்றாலும் கோவை பொய்.

"ஓம்," என்றார். "நிப்பாட்டியாச்சு."

"எப்ப இருந்து?"

மிஹ்லார் ஷரிபுதீனைப் பார்த்தார். ஷரிபுதீன் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் 'பார்ப்பம்' என்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினார்.

"இண்டையில இருந்து மிஸ்."

களஞ்சியத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். மூலையில் அரைவாசி டிரம் நின்றது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மெஷினை நிற்பாட்டிவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள். இத்தனை கண்ணுக்கு முன்னால் தலைமைத்துவத்தைக் காட்டாமல் இருக்க மிஹ்லாரால் முடியவில்லை. "கொண்டு போய் வாய்க்காலுக்குள்ள கொட்டுங்க!" என்று கையை நீட்டினார். அங்கால வயல் கிடக்கிறது, கொட்டவேண்டாம் என்று கிருசிகா தடுத்தாள். கடைசியில் டிரம்முக்கு மூடி போட்டு, பெட்டி ஒட்டுகிற டேப்பினால் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். அது கம்பனி டேப். 'தரமே எங்கள் தர்மம்' என்ற வாசகம் டிரம்மைச் சுற்றி ஏழு தரம் ஓடியது. கிருசிகா அதைப் படம் எடுத்தாள். பர்ஸான்தான் டேப்பை வெட்டிக் கொடுத்தான்.

அவள் போனபிறகு மிஹ்லார் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"அந்தக் கடிதத்த வாசிச்சிட்டா வெச்ச காக்கா?"

"ஓம் சேர்."

"ஏன்?"

ஷரிபுதீனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"நாப்பது வேணுமெண்டு சொன்னீங்க."

விருது கிடைக்காது என்று மிஹ்லார் முடிவு கட்டிவிட்டார். ஆனால் கிடைத்தது. மற்றக் கம்பனிகள் எல்லாம் தங்களிடம் பெரிய பிழை எதுவுமே இல்லை என்று எழுதியிருந்தனவாம். தன் பிழையைத் தானே வெளியே கொண்டுவந்து திருத்தியதற்கு ஒதுக்கிய புள்ளி முழுவதையும் எடுத்தது ஹஸன் கம்பனி மட்டும்தான். ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து தூளை எடுத்துச் சோதிப்பார்கள், சாயம் கண்டால் விருதைப் பிடுங்கிக்கொண்டு சுகாதாரப் பகுதிக்கு அறிவிப்பார்கள்.

கொழும்பு ஹோட்டலில் விழா. இறுக்கமான கோட்டுக்குள் ஷரிபுதீன் மூச்சுப் பிடித்து இருந்தார். மேடையில் மிஹ்லார், "பயப்படாமல் பேசுங்கள் என்று நான் எப்போதும் என் ஊழியர்களுக்குச் சொல்லுவேன்," என்று தொடங்கினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஷரிபுதீனும் தட்டினார். மிஹ்லாரின் கண் கலங்கியிருந்தது. தான் சொன்னதை அவரே நம்பிவிட்டார் என்று ஷரிபுதீனுக்கு அப்போது விளங்கியது.

ஊருக்குத் திரும்பியதும் மிஹ்லார் இன்னொரு கூட்டம் போட்டார். அந்தக் கடிதத்தை எழுதின துணிச்சல்காரருக்கு ஒரு கேடயம் கொடுக்கப்போவதாகவும், எழுதியவர் முன்னால் வரலாம் என்றும் அறிவித்தார். ஒருவரும் அசையவில்லை. ஹாஜறா குனிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி மிஹ்லாருக்கு அவமானமாகப் போய்விடும் போல இருந்த நேரத்தில், மெஷின் பக்கத்திலிருந்து பர்ஸான் முன்னால் வந்தான்.

"நான்தான் மச்சான். சொல்ல வெட்கமா இருந்திச்சு," என்றான்.

யாரோ தும்மினார்கள், யாரோ கைதட்டினார்கள், கூட்டம் முழுக்கத் தட்டியது. பர்ஸானுக்குக் கேடயம் கிடைத்தது, படம் பேஸ்புக்கில் போனது, 'நெறிமுறை அலுவலர்' என்ற புதிய பதவியும் கிடைத்தது.

ஷரிபுதீனுக்கு அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. பின்னேரம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஹாஜறாவை நிற்பாட்டினார்.

"புள்ள, அத எழுதினது ஆரெண்டு எனக்குத் தெரியும். எம்.டி.க்கிட்ட சொல்லவா?"

"என்னத்துக்கு சேர்? கேடயத்த அவிச்சா திங்கிற?" ஹாஜறா முகக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். "அது அந்தத் தம்பிக்கிட்டயே இரிக்கட்டும். இனி அவரு சாயத்துல கைவெச்சா ஊரே சிரிக்கும்."

அவள் சொன்னபடியேதான் நடந்தது, பர்ஸான் சாயத்தைத் தொடவில்லை. சாயமில்லாத தூள் கடைகளுக்குப் போய் இரண்டாம் மாதமே திரும்பி வரத் தொடங்கியது. 'முன்னைய மாதிரிச் சிவப்பு இல்லை, கம்பனி இப்போது கலப்படம் செய்கிறது' என்று சனம் சொல்கிறதாம். உண்மையான முறைப்பாடு பெட்டி பெட்டியாக வந்து களஞ்சியத்தில் அடுக்கிக் கிடந்தது. மிஹ்லார் பொறுத்துப் பார்த்தார். பிறகு பர்ஸானைக் கூப்பிட்டு, சோதிக்க வருகிற மாதத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மாதங்களில் இலேசாகக் கலந்தால் என்ன என்று கேட்டார். பர்ஸான் மாட்டேன் என்றுவிட்டான். பேஸ்புக்கில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மருதமுனையிலிருந்து ஒரு டீச்சரின் வீட்டார் சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். இந்த நேரத்தில் கை சிவந்தால் கல்யாணம் குழம்பிவிடும்.

அடுத்த கிழமை கொழும்பு லொறி ஒரு புது டிரம்மோடு வந்து நின்றது. சாரதி கடுதாசியை நீட்டினான். 'பெட்டி அச்சு மை.' ஷரிபுதீன் பேனையைத் திறந்தார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை தரம் இப்படித் திறந்திருப்பார்! இந்த முறை பேனையை மூடி, திரும்பப் பைக்குள் செருகினார்.

"கொண்டு போங்க தம்பி. இத இங்க இறக்க வேணாம்."

"எம்.டி.தானே ஓடர் போட்ட?"

"ஓம். நான்தான் இறக்க வேணாமெண்டு சொன்னதா எழுதிக்கங்க. எண்ட பேர் ஷரிபுதீன்."

லொறி வளைவில் திரும்பி மறையும்வரைக்கும் நின்றார். வீரம் ஒன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது. ஆனாலும் அன்றைக்கு வீட்டில் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். நஸீறா காரணம் கேட்டாள். சொன்னார். "வேலை போனா என்ன செய்யிற?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "போனாப் போகட்டும், மகளும் படிச்சி முடிச்சிட்டா," என்றாள்.

வேலை போகவில்லை. போக்க முடியவில்லை என்பதுதான் சரி. குறை சொல்கிற ஊழியரைப் பழிவாங்கமாட்டோம் என்று விண்ணப்பத்தின் பத்தொன்பதாவது கேள்விக்கு மிஹ்லாரே கையெழுத்து வைத்திருந்தார். அதனால் ஷரிபுதீனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார். திருக்கோவிலிலிருந்து பொத்துவில் வரைக்குமான பிராந்திய விற்பனைத் தலைவர்! கூடவே ஒரு பழைய சின்னப் பட்டா லொறி, திரும்பி வந்த வெளிறின தூள் நூற்றுக்கணக்கான பைக்கட், அவற்றை விற்று முடிக்கிற பொறுப்பு. மாலை போட்டு அனுப்பினார்கள். மாலையைப் போட்டவன் நெறிமுறை அலுவலர் பர்ஸான்.

ஐம்பத்தைந்தாவது வயதில் ஷரிபுதீன் கடை கடையாக ஏறி இறங்கினார். முதல் கிழமை ஒன்றும் போகவில்லை. நிறம் ஏன் மங்கல் என்று எல்லோரும் கேட்டார்கள். புதுச் சாதி மிளகாய், மழை, வெயில் என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தார். இரண்டாம் கிழமை கோமாரியில் செல்லத்தம்பியின் பலசரக்குக் கடைக்குப் போனார். அறுபது வயது மனிதர், பழைய வாடிக்கை. பைக்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"என்ன காக்கா, உங்கட தூள் இப்படி வெளிறிப் போச்சு?"

ஷரிபுதீனுக்கு மழையும் வெயிலும் அலுத்துப்போயிருந்தன.

"முன்னம் சாயம் போட்ட அண்ணன். இப்ப போடுறதில்ல."

செல்லத்தம்பி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க திண்டது?"

"சாயம்தான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். நான்தான் கையெழுத்து வெச்சு இறக்கின."

செல்லத்தம்பி ஏசுவார் என்று ஷரிபுதீன் காத்திருந்தார். ஏசினால் நல்லது என்றும் நினைத்தார். அவர் ஏசவில்லை. பைக்கட்டைக் கிழித்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். தேய்த்த கையைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தார். கையில் சிவப்பு ஒட்டவில்லை.

"நல்ல தூள் காக்கா," என்றார். "எண்ட வீட்டுக்கு ரெண்டு பைக்கட் தாங்க. மகள் வீட்டுக்கும் ரெண்டு."

ஷரிபுதீன் சந்தோஷமாக நாலை எடுத்து வைத்தார்.

"கடைக்கு எத்தின பெட்டி இறக்க?"

"கடைக்கு வேணாம்," என்றார் செல்லத்தம்பி. "சனம் சிவப்புத்தானே கேக்கும்."